ஒன்று புள்ளி நான்கு மில்லிகிராம்

மொன்றியல்
9 பெப்ரவரி 2006

அன்புள்ள அனு அக்காவுக்கு,

இன்று குழுக் கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: அளந்து முடித்த எரிபொருள் வில்லை, அளப்பதற்கு முன் இருந்ததைவிட ஒன்று புள்ளி நான்கு மில்லிகிராம் கனமாக இருக்கிறது.

பேராசிரியர் வழமைபோலக் கடைசியில் "வேறு ஏதாவது?" என்று கேட்டார். கொப்பி என் மடியில் திறந்தபடி இருந்தது. அந்த எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தேன். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன். கத்தரின் கதிரைகளை அடுக்கத் தொடங்கினார். கூட்டம் முடிந்தது.

இதை மின்னஞ்சலில் எழுதாத காரணம் உங்களுக்குத் தெரியும். அளவீட்டைப் பற்றி யார் யாருக்கு எழுதினாலும் முழுக் குழுவுக்கும் நகல் போக வேண்டும் என்பது இங்கே இன்னும் சட்டம். இது முதலில் உங்களிடம் வரவேண்டிய செய்தி. ஆகவே முத்திரை ஒட்டுகிறேன்.

நான் அளந்தது நீங்கள் அளந்த அதே கலவை, பாதி தோரியம், பாதி யுரேனியம். புதிதாக அழுத்திச் சுட்டெடுத்தேன். இயந்திரமும் அதேதான். முன்பக்கத்தில் லேசர் ஒரு கணம் சுட்டது, பின்பக்கத்துக்கு அந்தச் சூடு வந்துசேர எவ்வளவு நேரம் என்று கருவி பார்த்தது. ஆயிரம் பாகை வரை ஏற்றி இறக்கினேன். ஐந்நூறு பாகையில் வெப்பக் கடத்துதிறன் 2.9 வந்தது. உங்கள் ஆய்வேட்டில் உள்ள அதே எண்.

அந்த எண்தான் பிரச்சினை. அதன்படி இந்தக் கலவை வெப்பத்தை மோசமாகக் கடத்துகிறது. உலைக்குள் வைத்தால் வில்லையின் நடுப்பகுதி அளவுக்கு மீறிச் சூடேறும், வீங்கும், வெடிப்பு விழும். ஏப்ரல் 20ஆம் தேதி ஆலோசனைக் குழு வருகிறது, அன்றே இந்தக் கலவையைக் கைவிட்டுவிடலாம் என்று பேராசிரியர் இன்று சொல்லிவிட்டார். கைவிட்டால் என் மூன்று வருட வேலையும் அதோடு போய்விடும்.

ஆனால் நான் எடை பார்த்துவிட்டேன். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ விவசாய வளாகத்தில் மூன்று கோடைகள் மண் காயவைத்தவள் நான். அடுப்புக்குள் போகுமுன் ஒரு நிறை, வந்தபின் ஒரு நிறை. அந்தப் பழக்கத்தில் கை தானாகவே தராசுக்குப் போகிறது. இங்கே அளந்தபின் யாரும் எடை பார்ப்பதில்லை, இயந்திரத்துக்கு அது தேவையுமில்லை. மண் காய்ந்தால் எடை குறையும். இதுவோ கூடியிருக்கிறது. வெறும் ஆர்கன் வாயுவுக்குள் இருந்த பொருள் எதைத் தின்று கனத்தது? ஒட்சிசனைத் தவிர வேறு எதையும் என்னால் யோசிக்க முடியவில்லை. ஒட்சிசன் கூடினால் இந்தப் பொருள் வெப்பம் கடத்துவது குறையும் என்று உங்கள் ஆய்வேட்டிலேயே இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது.

உங்கள் வில்லைகளை அளந்தபின் எடை பார்த்தீர்களா? உங்கள் குறிப்பேடுகளில் தேடினேன். கிடைக்கவில்லை.

அம்மா சமையலறையில் இருந்து கேட்கிறார்: "அனுவுக்கே எழுதிறாய்? நான் சுகம் கேட்டதெண்டு போடு. அந்தப் பிள்ளை அங்க ஒழுங்காச் சாப்பிடுதோ தெரியேல்லை." போட்டுவிட்டேன்.

அன்புடன்,
சாருஜா


திருச்சி
22 பிப்ரவரி 2006

அன்புள்ள சாரு,

நான் ஊர் திரும்பிய இரண்டு வருடத்தில் இது நீ எழுதிய மூன்றாவது கடிதம். முதல் இரண்டிலும் பனியைப் பற்றி எழுதினாய். மூன்றாவதில் குண்டு வைத்திருக்கிறாய். சிவமலர் ஆன்ட்டியிடம் சொல், நான் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன், உன் கடிதம் வந்த இரண்டு நாளைத் தவிர.

என் நிலைமை உனக்குத் தெரியாது, சொல்கிறேன். தனியார் பொறியியல் கல்லூரியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். இங்கே ஆய்வகம் என்பது பியூரெட்டும் பினால்ஃப்தலீனும்தான். ஜூன் 16ஆம் தேதி ஒரு நேர்முகத் தேர்வு இருக்கிறது. அரசு ஆராய்ச்சி நிறுவனம், அணு எரிபொருள் பிரிவு, ஒரே ஒரு இடம். நான் செய்ய நினைத்த வேலை உலகத்தில் இது ஒன்றுதான். கையில் இருப்பது இந்த எண்ணை வைத்து வெளிவந்த அந்த ஒரே கட்டுரை. அப்பா தேர்வுத் தேதியைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். காய்கறிக்காரம்மா கூட "ஜூன் மாசம்தானே பாப்பா?" என்று கேட்கிறாள்.

இப்போது நீ மில்லிகிராம் கணக்கோடு வருகிறாய்.

ஐந்து வில்லை, எழுபது அளவீடு, சாரு. அது உன் ஒரு வில்லையை விடப் பெரியது. விரல் ரேகையிலேயே அரை மில்லிகிராம் ஏறும். உன் வில்லையில் மயிரிழை வெடிப்பு விழுந்திருக்கலாம், வெடிப்பு இருந்தாலும் வெப்பம் குறைவாகத்தான் கடத்தும். மண் எடை போட்ட கையை அங்கேயும் கொண்டுபோய்விட்டாய் என்று ஆய்வகத்தில் நிர்மல் கேலி செய்வாரே, சரியாகத்தான் செய்கிறார்.

சரி, தவறாகவே இருக்கட்டும். குறைவாகச் சொன்னால் அது பாதுகாப்பான பக்கத்துத் தவறு. என் எண்ணால் எந்த உலையும் உருகப் போவதில்லை. ஜூன் 16 வரை பேசாமல் இரு. அவ்வளவுதான் கேட்கிறேன். பேசாமல் இருப்பது உனக்கு என்ன கஷ்டம்? ஒரு வருடம் பக்கத்து மேஜையில் இருந்தேன், உனக்குப் பிடித்த நிறம் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எதைக் கேட்டாலும் "பேந்து சொல்றன்" என்பாய். இதையும் பேந்து, ஜூனுக்குப் பிறகு, சொல்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: அளப்பதற்கு முன் எடை போட்டேன். அளந்த பிறகு போடவில்லை.

அனு


மொன்றியல்
12 மார்ச் 2006

அன்புள்ள அனு அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மெற்றோவில் பிரித்து வாசித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இன்னும் நான்கு தரிப்புகள் போய்விட்டேன். எதிர்ப்பக்கம் ஏறித் திரும்பி வரும்போது இரண்டாம் முறை வாசித்தேன்.

நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்துபார்த்தேன். வில்லையை இடுக்கியால் மட்டுமே தொடுகிறேன், அல்ககோலில் கழுவி, காயவிட்டு, ஆறு தரம் எடை பார்த்தேன். அதே ஒன்று புள்ளி நான்கு. வெடிப்பைத் தேடி மீயொலி அனுப்பி விறைப்பை அளந்தேன். வெடிப்பு இருந்தால் விறைப்பு குறைந்திருக்கும். குறையவில்லை. வில்லை முழுசாக, உறுதியாக இருக்கிறது.

பிறகு, வாயு இணைப்புகள் எல்லாம் அவர் பொறுப்புத்தானே, கத்தரினிடம் போனேன். ஆர்கன் கசிகிறதா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கசிவா? என்னுடைய வாயு ஒரு சொட்டுக்கூட வெளியே போவதில்லை!" என்று சவர்க்கார நுரையை எடுத்துவந்து ஒவ்வொரு மூட்டிலும் பூசிக் காட்டினார். ஒரு குமிழிகூட வரவில்லை. இரண்டுபேரும் குந்தியிருந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். அப்போதுதான் சிலிண்டருக்கும் உலைக்கும் இடையிலுள்ள குழாய் என் கண்ணில் பட்டது. மூன்று மீற்றர் நீளம், மென்மையான வெள்ளைச் சிலிக்கோன் ரப்பர்.

"இது எப்போது வந்தது?" என்று கேட்டேன். ஆய்வுகூடம் மாடி மாறிய வருடம், 2001இல். அதற்கு முன் உலோகக் குழாய் இருந்ததாம். கத்தரின் குழாயை விரலால் நசித்துப் பார்த்தார். பிறகு பிரெஞ்சில் ஒரு சொல் சொன்னார், அதை இங்கே எழுத மாட்டேன்.

உங்களுக்கு விளங்கியிருக்கும். சிலிக்கோன் ஊடாக ஒட்சிசன் நடந்து வரும். எங்கள் வாயு வெளியே போகவே இல்லை, காற்றுத்தான் உள்ளே வந்தது. நாம் ஐந்து வருடமாகத் தவறான திசையில் கசிவு தேடியிருக்கிறோம்.

மறுநாள் உருக்குக் குழாய் போட்டோம். அதே வில்லையை ஐதரசன் கலந்த ஆர்கனில் சுட்டு, ஏறிய ஒட்சிசனை வெளியேற்றினேன். எடை பழைய இடத்துக்கே வந்தது. பிறகு அளந்தேன். ஐந்நூறு பாகையில் 3.6.

அக்கா, இந்தக் கலவை நல்லது. நாம் நினைத்ததைவிட நன்றாக வெப்பம் கடத்துகிறது.

அந்த எண் திரையில் வந்தபோது அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். சத்தம் போடத் தெரியாதவள் என்று என்னைச் சொல்லுவீர்கள். போட்டேன். பக்கத்து அறையில் இருந்து நிர்மல் ஓடிவந்து "என்னங்க, தீப்பிடிச்சிருச்சா?" என்று கேட்டார். இல்லை, எலி என்றேன். அவர் கதிரையில் ஏறி நின்றுவிட்டார்.

இனி, கஷ்டமான பகுதி. பாதுகாப்பான பக்கத்துத் தவறு என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தவறால் ஒரு நல்ல பொருளை ஏப்ரல் 20ஆம் தேதி குப்பையில் போடப்போகிறார்கள். ஒருமுறை கைவிட்டதை யாரும் திரும்ப எடுத்துப் பார்ப்பதில்லை. ஜூன் வரை என்னால் பொறுக்க முடியாது. அன்று நான் சொல்லப்போகிறேன். உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. உங்களுக்குத் தெரியாமல் சொன்னேன் என்று ஆகக்கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. நான் வந்த முதல் மாதம், ஒருவரோடும் கதைக்காமல் மூலையில் இருந்து சாப்பிட்டபோது, உங்கள் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்து, ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டீர்கள். அதை நான் மறக்கவில்லை.

பேராசிரியர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். நீங்கள் சொன்னதையேதான் சொல்வார்: ஐந்து வில்லைக்கு எதிராக ஒரு வில்லை.  புதிதாக நான்கு சுட்டெடுக்க மூன்று மாதம் வேண்டும். உங்கள் ஐந்தும் கழிவுக்குப் போய்விட்டதாக நிர்மல் சொல்கிறார்.

எனக்குப் பிடித்த நிறம் பழுப்பு. மண் நிறம்.

சாருஜா


திருச்சி
30 மார்ச் 2006

சாரு,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. முதல் நாள் பதிலே போடக்கூடாது என்று இருந்தேன். இரண்டாம் நாள் மிக மோசமாக ஒரு பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் நேர்முகத் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தேன். அவர்கள் கேட்கக்கூடிய இருபது கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் எழுதி வருகிறேன். ஏழாவது கேள்வி: "அளக்கும்போது ஆக்சிஜன் அளவு மாறவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" நானே எழுதிய கேள்வி. கீழே நாலு கோடு இடம் விட்டிருக்கிறேன். இன்றோடு மூன்று நாளாக அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. என்ன எழுதினாலும் பொய்யாகத் தெரிகிறது. பதினெட்டாவது கேள்விவரை முடித்துவிட்டேன், ஏழுக்குத்தான் பதில் இல்லை.

நிர்மலுக்கு எல்லாம் தெரியாது. கழிவுக்குப் போனது நான்கு. மிஞ்சிய ஒன்றின் ஓரம் கொஞ்சம் உடைந்திருந்ததால் பட்டியலில் வேறு பெயரில் போட்டேன். கதிரியக்கப் பொருள் பதிவேட்டில் AP-4 என்று பார். சேமிப்பு அலமாரி, கீழ்த்தட்டு, வலது பக்கம் கண்ணாடிக் குப்பி. ஓரம் உடைந்தபின், அளப்பதற்கு முன், போட்ட எடை என் ஆய்வேட்டின் கடைசிப் பின்னிணைப்பில் இருக்கிறது: 0.79860 கிராம். அதன் பிறகு எழுபதில் பதினாறு அளவீடு அதில்தான் எடுத்தேன். அன்று முதல் யாரும் அதைத் தொடவில்லை.

எடை போட்டுப் பார். என்ன வருகிறதோ, யாரிடம் வேண்டுமானாலும் சொல்.

கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. பாதி இருக்கிறது. அந்தப் பாதியோடுதான் கொரியர் ஆபீசுக்குப் போகிறேன், சாதாரணத் தபாலில் போட்டால் 20ஆம் தேதிக்குள் உனக்குக் கிடைக்காது.

அனு

பி.கு: நிர்மல் கதிரையில் ஏறி நின்றதை மட்டும் இரண்டு முறை வாசித்தேன்.


மொன்றியல்
21 ஏப்ரல் 2006

என் அன்பு அனு அக்காவுக்கு,

0.79992.

இதைத்தான் முதல் வரியாக எழுதுவேன் என்று உங்கள் குப்பியைத் திறந்த அன்றே முடிவு செய்தேன். ஒன்று புள்ளி மூன்று இரண்டு மில்லிகிராம் கூடுதல். இரண்டு வருடமாக அந்தச் சின்ன வில்லை தான் தின்ற ஒட்சிசனை ஒளித்து வைத்துக்கொண்டு கீழ்த்தட்டில் இருந்திருக்கிறது. முதலில் அப்படியே அளந்தேன்: 2.9. உங்கள் கை அளந்தது ஒரு மயிரிழையும் பிசகவில்லை, அக்கா. அந்த நிலையில் இருந்த பொருளின் சரியான எண் அதுதான். பிறகு ஐதரசனில் சுட்டேன். எடை 0.79861க்கு வந்தது. அளந்தேன்: 3.6.

இனி நேற்று நடந்தது.

வெளியே இருந்து நான்குபேர் வந்திருந்தார்கள். பேராசிரியர் கடைசிப் படத்தில் தோரியக் கலவைக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தார். விளக்கினார். பிறகு வழமைபோல "வேறு ஏதாவது?" என்றார், சொல்லும்போதே தாள்களை அடுக்கத் தொடங்கிவிட்டார்.

"இருக்கிறது" என்றேன்.

என் குரலை அந்த அறையில் பலபேர் முதன்முதலாகக் கேட்டார்கள் என்று நினைக்கிறேன். எழுந்துபோய்ப் பலகையில் எட்டு எண்கள் எழுதினேன். என் வில்லைக்கு முன் எடை, பின் எடை, முன் எண், பின் எண். கீழே AP-4க்கு அதே நான்கு. பன்னிரண்டு நிமிடம் பேசினேன். தாளைப் பார்க்கவில்லை.

பேராசிரியர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "AP-4 என்பது?" என்றார்.

"அனுப்ரியாவின் வில்லைகளில் மிஞ்சிய ஒன்று. அது எங்கே இருக்கிறது என்று சொன்னதும், எடை பார்க்கச் சொன்னதும் அவர்தான்."

"தன்னுடைய எண் விழுந்துவிடும் என்று தெரிந்தா?"

"தெரிந்துதான்."

வெளியே இருந்து வந்த ஓர் அம்மா, நரைத்த முடி, "சரி, ஒட்சிசன் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் கத்தரின் எழுந்தார். வெள்ளைக் கோட்டின் பைக்குள் கைவிட்டு, மூன்று மீற்றர் சிலிக்கோன் குழாயை இழுத்து இழுத்து வெளியே எடுத்து மேசை நடுவில் போட்டார். "வுவாலா, இதோ" என்றார். பாம்பு மாதிரிச் சுருண்டு கிடந்தது. 

முதலில் சிரித்தது பேராசிரியர். "இதை வாங்கியது நான்தான்" என்றார். "வளைப்பது சுலபம் என்று நினைத்தேன். ஐந்து வருடம்!" அவர் முகம் முழுக்கச் சிவந்திருந்தது. எழுந்துவந்து, திரையிலிருந்த தன் படத்தை அணைத்துவிட்டு, பலகையில் இருந்த எட்டு எண்களையும் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார், மாணவன் மாதிரி.

கலவையைக் கைவிடவில்லை. இன்னும் மூன்று வருடம் தொடரச் சொல்லிவிட்டார்கள். திருத்தக் கட்டுரை எழுத வேண்டும். பேராசிரியர் என் பெயரை முதலில் போடச் சொன்னார். உங்கள் பெயர்தான் முதலில் என்றேன். AP-4 இல்லாமல் நேற்று என்னிடம் இருந்தது ஒரு வில்லையும் ஒரு பழக்கமும்தான். அவர் வாதாடினார். நானும் வாதாடினேன். நேற்று எனக்குப் பேச்சு வற்றவில்லை. உங்கள் சம்மதம் வந்தால் மே கடைசியில் அனுப்புவோம்.

நிர்மல் வெளியே வந்ததும் கும்பிட்டார். "மண்ணு எடை போட்டே மொத்த லேபையும் கவுத்துட்டீங்களே! இனிமே நான் சாப்பிடறதுக்கு முன்னாடி, பின்னாடி எல்லாம் எடை போடப் போறேன்." எலி இல்லை என்று அவருக்கு இப்போது தெரியும். மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்.

"கதைச்சியோ?"

"ஓம்."

"எவ்வளவு நேரம்?"

"பன்ரெண்டு நிமிசம்."

அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டார். "என்னோட ஒரு நாளும் நீ அவ்வளவு நேரம் தொடர்ந்து கதைச்சதில்லையடி" என்றார். பிறகு சிரித்தாரா அழுதாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, திரும்பி நின்று புட்டுக்குத் தேங்காய் துருவினார்.

அக்கா, ஜூன் 16 என் மனதில் கல்லாக இருக்கிறது. கட்டுரையை அதற்குள் அவர்கள் பார்க்கமாட்டார்கள். நீங்கள் சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியவராது. சொல்வதா இல்லையா என்று நான் எழுதமாட்டேன். ஏழாவது கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது, அதை மட்டும் எழுதுகிறேன்: மாறியது, எடை பார்த்ததால் தெரியும்.

மிச்சப் பாதிக் கோபத்தையும் எதிர்பார்த்திருக்கும்,
சாருஜா


சென்னை
6 செப்டம்பர் 2006

அன்புள்ள சாரு,

முகவரி மாறியிருப்பதைக் கவனித்திருப்பாய்.

கட்டுரைக்குச் சம்மதம் என்று மே மாதம் ஒரு வரி அனுப்பியதற்கு மேல் நான் எதுவும் எழுதவில்லை. முடிவு தெரியாமல் எழுத எனக்குத் தைரியம் இல்லை. இப்போது தெரிந்துவிட்டது.

ஜூன் 16ஆம் தேதி ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் கட்டுரையின் நகல் நடுவில் இருந்தவர் கையில் இருந்தது. "உங்க வேலையைப் பத்திச் சுருக்கமா சொல்லுங்கம்மா" என்றார். இருபது கேள்விகளையும் மனப்பாடமாக வைத்திருந்தேன், எல்லாம் மறந்துபோயிற்று.

"முதல்ல அதுல ஒரு எண் தப்பு சார்" என்றேன். "மூணாவது அட்டவணை. அஞ்சுல ஒரு பங்கு குறைவா இருக்கு. ஏன்னு சொல்லட்டுமா?"

ஓரத்தில் இருந்தவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ளிகேஷன்ல இதைப் போட்டிருக்கீங்களேம்மா, தப்புன்னு தெரிஞ்சேவா?" என்றார். "போட்டப்போ தெரியாது சார். இப்போ தெரியும்" என்றேன். பலகை இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. உன் எட்டு எண்களையும் எழுதினேன். கால் மணி நேரம் என்று போட்டிருந்தார்கள், ஐம்பது நிமிடம் ஆயிற்று. குழாயை இழுத்து மேஜையில் போட எனக்கு ஒரு கத்தரின் இல்லாததுதான் குறை.

வெளியே வந்தபோது அப்பா கேட்டில் நின்றுகொண்டிருந்தார். "என்னம்மா, என்ன சொன்னே?" என்றார். "நான் பண்ணினது தப்புன்னு சொன்னேன்பா" என்றேன். பஸ்ஸில் திருச்சி வரும்வரை அவர் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்ட் 21ஆம் தேதி வேலை உத்தரவு வந்தது. காய்கறிக்காரம்மாவுக்கு அதை முதலில் சொன்னது அப்பாதான்.

பாதிக் கோபம் எப்போது போயிற்று என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. சிவமலர் ஆன்ட்டிக்கு என் அன்பைச் சொல். அந்தப் புட்டில் எனக்கும் ஒரு பங்கு பாக்கி இருக்கிறது.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டினார்கள். உலைக்குப் போகும் ஆர்கான் குழாயை விரலால் அழுத்திப் பார்த்தேன். ரப்பர். இன்று காலை மாற்றினார்கள்.

அனு